செய்யாற்று மடுவில் ஒரு கடல் கதை

தூண்டில் போடுகிறவர்களைப் பற்றி நம் நாட்டில் பொதுவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது. வேலை வெட்டி இல்லாதவன், வீட்டுப் பேச்சுக்குப் பயந்து வெளியேறியவன், படிப்பு ஏறாதவன் என்ற மூன்று பட்டங்களில் ஒன்று அவனுக்கு நிச்சயம். நாமும் வெகுகாலம் அந்தக் கட்சியிலேயே இருந்தோம். பெருநகருக்கு ஆசிரியராக வந்து சேர்ந்த புதிதில், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போகத் தொடங்கினால் நம் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். கலங்கலில் வழியும் தண்ணீரை எதிர்த்து ஏறிவரும் கெண்டைகளைக் கூடையாலும் வேட்டித் துணியாலும் அள்ளப் போன பிள்ளைகள், மறுநாள் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "காய்ச்சல், சார்" என்பார்கள். மீன் வாடை அவர்களுக்கு முன்னால் வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

அந்நாட்களில் ஒரு பையன், பள்ளிச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தூண்டில் ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு, பாடத்தைக் கவனியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் வெளியே போய் அதை எடுத்து, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பையன் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. மணி அடித்ததும், ஒடிந்த கழியை அங்கேயே விட்டு, அதில் மிதப்பாகக் கட்டியிருந்த மயிலிறகுத் தண்டை மட்டும் பத்திரமாக அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அவன் இப்போது இந்த ஊரில் தையற்கடை வைத்திருக்கிறான். அவனைப் பற்றிப் பின்னால் வரும்.

ஊழ்வினை என்று ஒன்று உண்டல்லவா? ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு நமக்குத் தூக்கம் கெட்டது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், "வாங்க சார், ரெண்டு மணி நேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். ராத்திரி தானாகத் தூக்கம் வரும்" என்று அழைத்துப் போனார். தூக்கம் வந்ததோ இல்லையோ, வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டில் மீன் சமைக்கும் வழக்கம் இல்லை. பிடித்ததையெல்லாம் கரையிலேயே பிறருக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் குளித்த பிறகுதான் வாசற்படி ஏற வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இந்தச் சட்டத்தை நாம் இதுவரை மீறியதில்லை.

எங்கள் கோஷ்டி சிறியது. தபால்காரர், தையற்காரர், நாம், எங்களுக்கெல்லாம் குருவான ஒரு பெரியவர். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். எழுத்துக் கூட்டிப் பெயரை மட்டும் எழுதுவார். தவளைக் குஞ்சைத் தூண்டில் முள்ளில் கோத்து, விரால் மூச்சு வாங்க மேலே வந்து சுழித்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் ஓசையில்லாமல் இறக்குவதில் அவருக்கு நிகரானவரை நாம் கண்டதில்லை.

முன்பெல்லாம் ஏரிக்கரையில்தான் உட்காருவோம். இப்போது ஏரி மீன் குத்தகைக்குப் போய்விட்டதால் தூண்டிலுக்கு இடமில்லை. குத்தகைக்காரரையும் குறை சொல்ல முடியாது. பணம் கட்டி ஏலம் எடுத்து, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கிவிட்டு வளர்க்கிறவருக்கு, கரையில் நாலு பேர் கழியோடு உட்கார்ந்திருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அவர் கணக்கில் விராலே ஒரு திருடன். விட்ட குஞ்சுகளைத் தின்றுவிடுகிறது என்று முதலில் அதைத்தான் ஒழிக்கப் பார்ப்பார்கள். ஏரி மீனுக்கு விலை வைப்பது புதிய வழக்கமும் அல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம் என்ற வருவாய் வருகிறது. அதை ஏரியின் தூர் எடுக்கவும் கரை கட்டவும் ஒதுக்கினார்கள். பக்கத்து உத்திரமேரூரில் 919, 921 ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறித்த சாசனங்களில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளே இருக்கின்றன. அக்கால வாரியத்தார் தூண்டிற்காரர்களை என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு ஆசைதான்.

ஆகவே இப்போது எங்கள் ஜாகை செய்யாற்று மடு. ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். மழைக்குப் பின் சில மாதங்கள் மட்டும் மடுக்களில் தண்ணீர் நிற்கும். தைப்பூசத்துக்குச் சுற்றுக் கிராமத்துச் சுவாமிகள் ஆற்றில் வந்து கூடிப் போன பிறகு, கூட்டம் கலைந்து ஆறு அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் இந்த ஆண்டு நாங்கள் ஒரு நாவலைப் படித்து முடித்தோம்.

எர்னஸ்ட் ஹெமிங்வே எழுதிய 'கிழவனும் கடலும்' என்னும் அந்தக் கதையை வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். தமிழில் அதை ஒரு முறைக்கு மேல் பெயர்த்திருக்கிறார்கள். கியூபா நாட்டுச் செம்படவக் கிழவன் ஒருவனுக்கு எண்பத்து நாலு நாள் மீனே அகப்படவில்லை. எண்பத்தைந்தாம் நாள் தன்னந்தனியாக வெகுதூரம் போகிறான். அவன் படகைவிட நீளமான ஈட்டிமூக்கு மீன் ஒன்று தூண்டிலில் மாட்டுகிறது. அதோடு இரவும் பகலும் போராடிக் கொன்று, படகோரம் கட்டிக்கொண்டு திரும்புகையில் சுறாக்கள் வந்து தின்றுவிடுகின்றன. கரைக்கு வந்து சேர்வது தலையும் முள்ளும் வாலும். கதை இவ்வளவுதான். நாம் பட்டப் படிப்பில் இதைப் பாடமாகவே படித்தவர்கள். 'கிழவன் அடைந்தது தோல்வியா?' என்ற கேள்விக்கு நாலு பக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அதனால் இந்தப் புத்தகத்தை நமக்குத் தெரியும் என்ற எண்ணம் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்திலேயே பெரியவர் நிறுத்தினார்.

"எம்பத்தி நாலு நாளா? சோத்துக்கு என்னா பண்ணான்?"

இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை. ஆனால் ஹெமிங்வேக்குத் தெரிந்திருக்கிறது. நாலைந்து பக்கம் தள்ளி அதற்குப் பதில் வைத்திருக்கிறார். கிழவனிடம் தொழில் பழகிய ஒரு பையன், பெற்றோர் வற்புறுத்தலால் வேறு படகுக்குப் போய்விட்டவன், மாலையில் கிழவன் குடிசைக்கு வருகிறான். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கிறான். மீனும் சோறும் ஒரு பானையில் இருக்கிறது என்கிறான் கிழவன். பானையும் இல்லை, சோறும் இல்லை. இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தப் பேச்சைப் பேசிக்கொள்கிறார்கள். நாம் இந்த இடத்தை 'வறுமையைச் சித்திரிக்கும் பகுதி' என்று ஓரத்தில் குறித்துவைத்தவர்கள். பெரியவர் சற்று நேரம் தக்கையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பையன் நல்ல பையன். இல்லைன்னு தெரிஞ்சாலும் கேட்டுக்கினே இருக்கணும். கேக்காம விட்டா மரியாதை இல்ல."

இரண்டாம் ஞாயிறு நமக்குத் தொண்டை கட்டியிருந்தது. தையற்காரர் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஒடித்த தூண்டிலைப் பற்றி அவர் இதுவரை நம்மிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த மயிலிறகுத் தண்டுக்குத் தம்பியான ஒன்றை நம் தூண்டிலுக்குக் கட்டிக் கொடுத்தவரும் அவரே. பள்ளியில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று விழிக்கும் பிள்ளையாக இருந்தவர். இப்போதும் தடுக்கித் தடுக்கித்தான் படித்தார். ஆனால் மீன் இரையைத் தொடும் இடம் வந்தது. நூறு பாகம் ஆழத்தில், முள்ளை மூடிக் கட்டியிருக்கும் சாளை மீன்களை ஏதோ ஒன்று கடித்துப் பார்க்கிறது. கிழவன் நூலை விரலிடையில் பிடித்துக் காத்திருக்கிறான். மெல்ல ஓர் இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் மெல்ல ஓர் இழுப்பு. போய்விட்டதோ? இல்லை.

தையற்காரர் அந்தப் பக்கத்தைப் படித்த விதத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அவர் குரல் நின்றது. எழுத்துக் கூடாமல் நின்ற நிறுத்தம் அல்ல அது. மீன் யோசிக்கும் நேரம் அவருக்குத் தெரியும். அவ்வளவு நேரம் நின்றார். நாம் வகுப்பில் இதே பகுதியைப் பல ஆண்டுகள் படித்துக்காட்டியிருக்கிறோம். ஒரே மூச்சில், நிறுத்தற்குறி தவறாமல், மீன் தப்பிப் போகும் வேகத்தில்!

'நூறு பாகம்' என்று வந்தபோது பெரியவர் தூண்டிலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை ஒரு பாகம். ஆறடி என்று கொள்வோம். நூறு பாகம் என்றால் அறுநூறு அடி. எங்கள் மடுவில் நல்ல மழைக்காலத்திலும் இரண்டு பாகம் தேறாது. "அவ்ளோ கீழே கடிக்கிறது கைக்குத் தெரியுமா?" என்று தபால்காரர் சந்தேகப்பட்டார். தெரியும் என்றார் பெரியவர். கடல் மீனை அவர் சந்தையில்தான் பார்த்திருக்கிறார். கடலைப் பார்த்தது வாழ்நாளில் இரண்டே முறை. ஆனாலும், "நூல் நேரா இறங்கி இருந்தா தெரியும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். மற்ற எவரையும்விடத் தன் நூல்களை நேராக இறக்கிவைப்பவன் அந்தக் கிழவன் என்று இரண்டு பக்கம் முன்னால் ஹெமிங்வே சொல்லியிருப்பதைத் திருப்பிப் படித்துக் காட்டினோம். "எழுதினவன் தூண்டில் போட்டவன்தான்" என்று பெரியவர் தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பு நமக்கு வேறொருவரை நினைவூட்டியது. குறுந்தொகையில் ஒரு தலைவி பேசும் பாட்டு இருக்கிறது. தினைப்புனம் காப்பவர்களின் கவண் ஓசைக்கு அஞ்சிய காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைச் சட்டென்று விட்டுவிட, அது விசையோடு மேலெழும். மீனைக் கவ்விய தூண்டில் எழுவதைப் போல என்று ஓர் உவமை. பாடியவரின் சொந்தப் பெயர் மறைந்துபோயிற்று. மீனெறி தூண்டிலார் என்று அந்த உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. கழி வளையும் கணத்தைச் சொல்லுகிறவர் பலர். விடுபட்டு எழும் கணத்தை அவர் பிடித்திருக்கிறார். இதைச் சொன்னபோது பெரியவர் நம் மூங்கிலைக் கையில் வாங்கி, நுனியை வளைத்துவிட்டுப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். சங்கப் புலவரை 'அவன்' என்று சொல்ல நமக்குத் துணிவு வராது. அவருக்கு வந்தது பொருத்தமாகவே பட்டது.

தபால்காரர் சந்தேகப் பிராணி. முப்பது ஆண்டு முகவரிகளைச் சரிபார்த்தவர். இவ்வளவு பெரிய மீனை ஒருவன் தனியாக இரண்டு நாள் இழுத்துப் பிடிப்பது நடக்கிற காரியமா, கதைக்காக எழுதியதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1936 இல் 'எஸ்கொயர்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். கியூபாவின் கபானாஸ் பக்கம் தனிப் படகில் போன ஒரு கிழவரைப் பெரிய மீன் ஒன்று நடுக்கடலுக்கு இழுத்துப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, அறுபது மைல் கிழக்கே, மற்றச் செம்படவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். படகோரம் மீனின் தலையும் முன்பாகமும் மட்டும் கட்டியிருந்தன. சுறாக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. கிழவர் அழுதுகொண்டிருந்தார். கட்டுரையில் இது ஒரு பத்திதான். அந்தப் பத்தி நாவலாக வெளிவரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1952 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகை முழு நாவலையும் ஒரே இதழில் அச்சிட்டபோது, இரண்டு நாளில் ஐம்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. மறுவருஷம் புலிட்சர் பரிசு, அதற்கு அடுத்த வருஷம் நோபல் பரிசு. தபால்காரர் திருப்தியடைந்தார். அவருடைய திருப்தி பரிசுகளைப் பற்றியதல்ல. அறுபது மைல் என்ற கணக்குக் கிடைத்துவிட்டதே, அதைப் பற்றியது.

1952 என்றதும் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அதே ஆண்டில்தான் ஜிலேபி மீன் என்று நாம் அழைக்கும் திலாப்பியா இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து இறங்கியது. அதன் பூர்விகம் ஆப்பிரிக்கா. ஏழைகளுக்கு மலிவான உணவாகட்டும் என்று நல்லெண்ணத்தோடு கொண்டுவந்தார்கள். உணவும் ஆயிற்று. கூடவே குளம் குட்டை ஆறு எல்லாவற்றையும் நிரப்பி, இருந்த மீன்களை நெருக்கித் தள்ளியும் விட்டது. இப்போது எங்கள் மடுவில் பத்து முறை தக்கை ஆடினால் எட்டு முறை ஜிலேபிதான். கெளுத்தியும் குரவையும் ஆராலும் விருந்தாளிகளாகிவிட்டன. ஜிலேபிக்கு ஒரு விநோத குணம் உண்டு. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் நீந்தப் பழகிய பிறகும், ஆபத்து என்றால் வாயைத் திறந்து அத்தனையையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். அது பல்கிப் பெருகியதற்கு இந்தத் தாய்மையும் ஒரு காரணம்.

மூன்றாம் ஞாயிறு படித்த பகுதியில்தான் நமக்கு வினை காத்திருந்தது.

நூலைத் தோளில் தாங்கிக்கொண்டு இரவில் படகில் கிடக்கும் கிழவனுக்குப் பழைய நினைவு ஒன்று வருகிறது. முன்பு ஒரு முறை, ஜோடியாகத் திரிந்த மீன்களில் பெண்ணைப் பிடித்துவிட்டான். இரையைக் கண்டால் ஆண் மீன் எப்போதும் பெண்ணை முதலில் தின்னவிடுமாம். மாட்டிக்கொண்ட பெண் போராடிய நேரமெல்லாம் ஆண் பக்கத்திலேயே சுற்றியது. பெண்ணைப் படகில் ஏற்றிய பிறகு, அது எங்கே இருக்கிறதென்று பார்ப்பதுபோல் தண்ணீரைவிட்டு உயரத் தாவிப் பார்த்துவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. கிழவனும் பையனும் அந்தப் பெண் மீனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை அறுத்தார்கள்.

தையற்காரர் இதைப் படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர், எங்களைப் பாராமல், ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அவர் இளவயதில், ஓர் ஐப்பசியில், மதகுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விராலைப் பிடித்தாராம். மீனைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தண்ணீரின் மேல் செம்மண் கரைத்தாற்போல் ஒரு வட்டம் அசைந்தது. விரால் குஞ்சுகள். குஞ்சுப் பருவத்தில் அவை சிவப்பாக, ஒரு பந்துபோல் திரண்டு திரியும். கீழே தாயோ தகப்பனோ காவலிருக்கும். தூண்டிற்காரர் எல்லாருக்கும் இது தெரியும். காவல் மீன் எதற்கும் பாயும். அதனால் பிடிப்பது சுலபம்.

"காவலு போனது அதுங்களுக்குத் தெரியல. அங்கியே சுத்திக்கினு இருந்துதுங்க. அப்பால ஓரத்துலேர்ந்து மத்த மீனுங்க வந்துது. வெத்தல பாக்குப் போடற நேரம். தண்ணி வெறும் தண்ணியாப் பூட்டுது."

"அந்த விராலை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். ஆசிரியர் புத்தி! மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டேன், அன்று முதல் குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடுவதில்லை என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தோம்.

"என்னா செய்வாங்க? ஊட்டுக்குக் கொண்டாந்தேன். கொழம்பு வெச்சாங்க. நாலு நாளா அரிசி இல்லாத வீடு. அன்னிக்கித்தான் கடன் அரிசி வந்துது. துன்னோம். ருசியாத்தான் இருந்துது." சற்று நிறுத்தினார். "அதான் இன்னிக்கி வரைக்கும் மனசுல நிக்குது."

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக நம்மைக் கேட்டார்:

"வாத்தியாரே, நீங்க துன்றது இல்ல, விக்கறதும் இல்ல. உங்களுக்கு எதுக்கு மீனு?"

இதே கேள்வி புத்தகத்துக்குள்ளேயும் இருக்கிறது. முதல் சுறா வந்து போன பிறகு கிழவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். அந்த மீனைக் கொன்றது பாவமா? உயிர் வாழவும் விற்பதற்கும் மட்டும் கொல்லவில்லை, கர்வத்தாலும் கொன்றோம் என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்கிறான். பரீட்சைக்குப் படித்த காலத்தில் இந்தப் பக்கத்தை நாம் 'தத்துவ விசாரம்' என்று தாண்டிப் போயிருந்தோம். பெரியவரிடம் தூக்கமின்மையைப் பற்றிச் சொன்னோம், மனத்துக்கு அமைதி என்றோம், கடைசியில் பொழுதுபோக்கு என்றோம். ஒவ்வொன்றும் வாயைவிட்டு வெளியே வந்த பிறகு நமக்கே சப்பென்று இருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். 'அந்தப் பையன் பானைச் சோற்றைப் பற்றிக் கேட்டதுபோல இவரும் கேட்கிறாரோ?' என்று ஒரு சந்தேகம் வந்தது.

தூண்டிலைத் துறந்துவிட்டோம் என்று எழுதினால் இந்தப் பத்திக்கு அழகாக இருக்கும். துறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம்.

அன்று கதை முடிந்தது. சுறாக்கள் வந்தன. ஈட்டி போயிற்று, துடுப்பில் கட்டிய கத்தி போயிற்று. கிழவன் பாய்மரத்தைத் தோளில் சுமந்து விழுந்து எழுந்து குடிசைக்குப் போய்ச் சேர்ந்தான். காலையில் பையன் வந்து அவன் கைகளைப் பார்த்து அழுகிறான். இனி உன்னோடுதான் வருவேன் என்கிறான். "போவானா?" என்று தையற்காரர் கேட்டார். போவான் என்றார் பெரியவர், பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல. கிழவன் தூங்கிவிடுகிறான். கனவில் சிங்கங்கள் வருகின்றன. இளமையில் ஆப்பிரிக்கக் கடற்கரையில் கண்ட சிங்கங்கள்.

"சிங்கம் எதுக்கு?" என்றார் பெரியவர்.

நம்மிடம் இதற்கு இரண்டு பக்க விடை தயாராக இருந்தது. இளமையின் சின்னம், வீரத்தின் சின்னம் என்றெல்லாம். முந்தின வாரத்து அனுபவத்தால் வாயைத் திறக்கவில்லை. "மீன் கனாவுல வந்தா மறுபடி கை வலிக்கும்ல, அதான் சிங்கம்" என்றார் தபால்காரர். அதைவிட மேலான விளக்கம் நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.

ஹெமிங்வே தம் 'பிலார்' படகை நிறுத்தி வைத்திருந்தது கோஹிமார் என்ற கியூபா மீனவர் குப்பத்தில். 1961 இல் அவர் மறைந்த பிறகு, அந்தக் குப்பத்தார் அவருக்குச் சிலை வைக்க விரும்பினார்கள். வெண்கலம் வாங்கப் பணமில்லை. தங்கள் படகுகளின் பித்தளை, வெண்கலச் சாமான்களையும் பழைய சுழல்விசிறிகளையும் கழற்றிக் கொடுத்தார்கள். அவற்றை உருக்கி வார்த்த மார்பளவுச் சிலை 1962 இலிருந்து கடலைப் பார்த்து நிற்கிறது. நோபல் பரிசைவிட இது பெரிது என்று நாம் சொன்னபோது, விசிறியின் விலை தெரிந்த தையற்காரர் ஒத்துக்கொண்டார். அவருடைய மாமன் காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்த்தவராம்.

நம் மொழிக்கும் கடல் குறைவில்லை. தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் கிடைக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்', வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' இரண்டும் நல்ல நாவல்கள். என்றாலும், உவரியில் பிறந்து வளர்ந்த ஜோ டி குருஸ் 2004 இல் எழுதிய 'ஆழி சூழ் உலகு' வந்த பிறகுதான் கரையிலிருந்து கடலைப் பார்ப்பது வேறு, கட்டுமரத்திலிருந்து கரையைப் பார்ப்பது வேறு என்று நமக்கு உறைத்தது. அவரே பின்னர் 'கொற்கை' நாவலுக்காக 2013 ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்றார். ஏரிக்கும் மடுவுக்கும் இப்படி ஒரு பெரிய நாவல் எழுதப்பட வேண்டும். விரால் சுழிப்பும், மதகடி இருட்டும், கோடி போகும் இரவில் ஊரே பந்தம் பிடித்துக்கொண்டு ஓடுவதும் அதில் வர வேண்டும். எழுத வேண்டியவர் எழுபதைத் தாண்டி, பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவராக எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்லத் தையற்காரர் பழைய அளவு நோட்டில் சிலவற்றைக் குறித்துவருகிறார். விரால் கதை அதில் ஏறிவிட்டது. மார்பளவு, கைநீளங்களுக்கு நடுவே.

அடுத்த மாதம் 'ஆழி சூழ் உலக'த்தைத் தொடங்கப் போகிறோம். புத்தகம் கனமானது, மடுவில் தண்ணீர் இருக்கும்வரை ஓடும்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நம் தக்கை ஒரு முறை அமிழ்ந்தது. தூக்கினோம். உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று. வழக்கம்போல் பெரியவரிடம் நீட்டினோம். அவர் முள்ளைக் கழற்றிவிட்டு, மீனைத் தண்ணீருக்கு மேலாகப் பிடித்து, கட்டைவிரலால் அதன் தாடையை அழுத்தி வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை. பைக்குள் போட்டுக்கொண்டார்.